சக்கரம் வேண்டாம், பலகை போதும்: எண்ணூர் மணலில் தூண்டில் சாமான் இழுக்க ஒரு வழி

போன வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகிற சூட்கேஸ் டிராலியில் ஐஸ் பெட்டி, இரைப் பெட்டி, இரண்டு தூண்டில் ராடு, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு எண்ணூர் தாழங்குப்பத்தில் இறங்கினேன். தார் ரோட்டில் கடகடவென்று சமர்த்தாக வந்தது. மணலில் கால் வைத்துப் பத்தடி போயிருப்பேன், சக்கரம் இரண்டும் உள்ளே இறங்கிவிட்டன. அதற்கப்புறம் நான் இழுத்தது டிராலி இல்லை, கலப்பை. கடற்கரையை உழுதுகொண்டே அலை வரைக்கும் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. காலா மீன் கரைக்கு வந்து மேய்கிற நேரம் எனக்கு மூச்சு வாங்குவதிலேயே கழிந்தது.

அன்றைக்கு மத்தியானம் என் தங்கை வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவர் இருப்பது அமெரிக்காவில், மினசோட்டாவில். குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்துவிடும். நாலு அங்குலத்துக்குக் குறையாத கெட்டியான பனிக்கட்டி இருந்தால்தான் அதன் மேல் ஆள் நடக்கலாம் என்பது அந்த ஊர்க் கணக்கு. அதில் ஓட்டை போட்டு, ஓட்டைக்குள் தூண்டில் விட்டு மீன் பிடிக்கிறார்கள். துளை போடும் கருவி, கூடாரம், அடுப்பு, வாளி என்று நம்மைவிடப் பெரிய மூட்டை அவர்களுக்கு. அதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, கயிறு கட்டி, இடுப்பால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். சிலர் பழைய டிரம்மை வெட்டி வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். மச்சான் அனுப்பிய வீடியோவைப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. பனியும் மணலும் ஒரே சாதி. இரண்டிலும் சக்கரம் பிழைக்காது.

அதற்கப்புறம், சாமானை ஏற்றி மணல் மேல் சறுக்கி இழுக்கிற மாதிரி இரண்டு பலகை செய்தேன். முதலாவது தோற்றது, இரண்டாவது இன்னும் ஓடுகிறது. கரைத் தூண்டில் புதிதாக ஆரம்பித்து, சாமானைத் தோளில் தூக்கி முதுகு ஒடிந்துகொண்டிருப்பவர்களுக்காக அந்த இரண்டாவதன் கதையை எழுதுகிறேன். டிரம், மரம், ஸ்க்ரூ, கயிறு எல்லாம் சேர்த்து எனக்கு 1,400 ரூபாய் ஆனது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

சக்கரம் ஏன் புதைகிறது

இந்தக் கணக்கு புரிந்தால் மற்ற அளவெல்லாம் தானாகப் புரியும். டிராலிச் சக்கரம் தரையைத் தொடுகிற இடம் இரண்டும் சேர்ந்து பத்து சதுர செ.மீ. இருந்தாலே அதிகம். 20 கிலோ பாரம் ஏறினால் ஒரு சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தம். நம் பாதம் 150 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 65 கிலோ ஆள் ஒரு காலில் நிற்கும்போது 430 கிராம். அதற்கே காய்ந்த மணலில் கணுக்கால் வரை போகிறது. நான் செய்திருக்கும் பலகையின் அடிப்பரப்பு 95 செ.மீ.க்கு 45 செ.மீ. சாமானோடு 26 கிலோ ஏற்றினாலும் ஒரு சதுர செ.மீ.க்கு 6 கிராம்தான். மணலுக்கு அது ஒரு பாரமாகவே தெரியாது.

வெளிநாட்டில் பலூன் மாதிரி உப்பின டயர் போட்ட கடற்கரை வண்டி விற்கிறார்கள். அது நன்றாகவே ஓடும், மறுக்கவில்லை. காற்றுக் குறைவாக அடித்த அகல டயரும் பாரத்தைப் பரப்புகிற வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அந்த டயர் ஒன்றின் விலையில் நாம் நாலு பலகை செய்துவிடலாம்.

பனிச்சறுக்குக்கும் மணல் சறுக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறந்தால் ஏமாறுவீர்கள். வழுக்குப் பனிக்கட்டி மேல் ஒல்லியான இரண்டு கட்டை போட்டாலே வண்டி ஓடும். பனித்தூள் கிடக்கும் இடத்தில்தான் அவர்களுக்கே அகலமான தொட்டி தேவைப்படுகிறது. நமக்கு எப்போதும் இரண்டாவது வகைதான். அதோடு மணல் பனியைப் போல வழுக்காது, உரசும். மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசைக் கயிற்றில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். 26 கிலோவுக்குக் காய்ந்த மணலில் முள் 12 கிலோவில் நின்றது, அலை நனைத்த மணலில் 10. அதாவது பாரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான இழுப்பு. மச்சான் ஊரில் போல 50 கிலோ ஏற்றலாம் என்று ஆசைப்படாதீர்கள். 25, 26 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிரம் வாங்கப் போகும்போது

நமக்கு வேண்டியது 200 லிட்டர் நீல டிரம். முழு டிரம் தேவையில்லை, மூடி உடைந்ததோ அடி பிளந்ததோ போதும். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் காயலான் கடைகளில் கேட்டால் கிடைக்கும். உடைந்ததைக் கிலோ கணக்கில் போட்டுத் தருவார்கள், பேரம் பேசலாம்.

இதில் அவசரம் கூடாது. நம் பக்கத்தில் மணலி இருக்கிறது, ரசாயன ஆலைகள் இருக்கின்றன. டிரம்மில் என்ன வந்தது என்பது கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது. மேலே சாய்சதுரமாக எச்சரிக்கை லேபிள் ஒட்டியிருந்தாலோ, ஒட்டிக் கிழித்த அடையாளம் இருந்தாலோ அதைத் தொடாதீர்கள். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்க்கிற வேலையும் வேண்டாம். சமையல் எண்ணெய், ஊறுகாய், மாம்பழக்கூழ் வந்த டிரம் என்றால் நல்லது. சோப்புத் தண்ணீர் விட்டு இரண்டு தரம் கழுவினால் போதும். அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் 2 என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். அதுதான் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக். மெழுகு தடவின மாதிரி வழவழப்பாக இருக்கும், மணல் தேய்ப்பதையும் தாங்கும்.

டிரம்மை நெடுக்காக இரண்டாகப் பிளந்து அப்படியே தொட்டியாக இழுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதுதான் நான் முதலில் செய்தது. பனியில் அது ஓடுகிறது. மணலில் அடி உருண்டையாக இருப்பதால் பாரம் முழுவதும் நடுக்கோட்டில் விழுந்து வாய்க்கால் வெட்டுகிறது. கொஞ்சம் சரிவு வந்தால் தொட்டில் மாதிரி ஆடிக் கவிழ்கிறது. என் இறால் இரை மொத்தமும் ஒரு தரம் மணலில் புரண்டு, மசாலா தடவின மாதிரி ஆகிவிட்டது.

வெட்டுவது

சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. டிரம்மின் சுற்றளவு ஏறக்குறைய 180 செ.மீ. அந்தச் சுற்றுவாக்கில் 125 செ.மீ. நீளம், டிரம்மின் உயரவாக்கில் 45 செ.மீ. அகலம். இந்த அளவில் ஒரு துண்டு எடுங்கள். டிரம்மின் வளைவு, பலகையின் நீளவாக்கில் வர வேண்டும். ஏனென்றால் பின்னால் 95 செ.மீ.யை மரச்சட்டத்தில் தட்டையாகப் பிடித்துவிட்டு, முன்னால் 30 செ.மீ.யை அப்படியே விட்டால், அது தன் பழைய வளைவுக்குப் போய்த் தானாக மூக்கு தூக்கிக்கொள்ளும். கிட்டத்தட்ட 14 செ.மீ. உயரம் எழும்பும். சூடு காட்டி வளைக்கிற தொல்லையே இல்லை. டிரம்மின் உள்பக்கம் மேலே, வெளிப்பக்கம் மணலுக்கு.

அந்த மூக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பெரியவர். என் முதல் பலகையை இழுத்துக்கொண்டு போனபோது, படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, பாடையா?"

"இல்ல தாத்தா, தூண்டில் சாமான் ஏத்திக்கினு போறதுக்கு."

"மூக்கு எங்கடா இதுக்கு? கட்டுமரத்தப் பாரு, மூக்கத் தூக்கிக்கினு கீதா? உன்துக்கு மூக்கே இல்ல. அதான் மண்ணு தின்னுது."

மண் தின்னுகிறது என்பதைவிட நன்றாக யாராலும் அதைச் சொல்ல முடியாது. முன்விளிம்பு மட்டமாக இருந்தால் மணல் பலகை மேல் ஏறிக் குவியும். நாலடிக்கு ஒரு தரம் நின்று கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சாக்பீஸ் இந்த பிளாஸ்டிக்கில் பிடிக்காது, மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். வெட்டுவதற்கு ஜிக்சா மெஷின் இருந்தால் சுகம். இல்லையென்றால் ஒரு துளை போட்டு அதில் ஹேக்சா பிளேடை விட்டுக் கையாலேயே அறுக்கலாம், முக்கால் மணி நேரம் ஆகும். கிரைண்டர் வைக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் உருகிப் பிளேடைச் சுற்றிக்கொள்ளும், தெறித்தால் தோலில் ஒட்டிக்கொள்ளும். வெட்டிய விளிம்பைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டு மழுங்கடியுங்கள். அந்த விளிம்பு முழங்காலைக் கிழித்தால் தையல் போடுகிற அளவுக்குக் கிழிக்கும்.

பிறகு துண்டை மொட்டை மாடியில் வெயிலில் குப்புறப் போட்டு, பின்பக்கம் 95 செ.மீ. மேல் மட்டும் செங்கல், அம்மிக்கல் என்று கிடைத்ததை ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். முழுசாகத் தட்டையாகாது, ஆக வேண்டியதும் இல்லை. சட்டத்துக்கு அடங்குகிற அளவுக்கு முறுக்கு தளர்ந்தால் போதும்.

சட்டம்

இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பர் கட்டை, பன்னிரண்டு அடி. அதில் 95 செ.மீ.யில் இரண்டு, 40 செ.மீ.யில் நாலு. நீளக் கட்டை இரண்டையும் 40 செ.மீ. அகலத்தில் படுக்கப் போட்டு, குறுக்குக் கட்டை நாலையும் ஏணிப்படி மாதிரி மேலே அடித்தால் சட்டம் முடிந்தது. தேக்கு வேண்டாம், கனம் கூடும், காசும் கூடும். துறைமுகத்துக்கு வருகிற பேக்கிங் பெட்டி மரம் ராயபுரம் பக்கம் சல்லிசாகக் கிடைக்கும். நான் போட்டது அதுதான். முடிச்சு இல்லாத துண்டாகப் பொறுக்குங்கள்.

மரத்தை அறுத்ததும் அப்படியே பொருத்திவிடாமல், பிரைமர் ஒரு கை, எனாமல் பெயின்ட் இரண்டு கை அடித்துக் காயவிடுங்கள். அறுத்த முனைகளில் கூடுதலாக ஒரு கை. உப்புத் தண்ணீர் அங்கேதான் முதலில் ஏறும். பெயின்ட்டைப் பற்றி ஒரு தகவல். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேட்டில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் வண்ணம் பூசுவதும் அப்போதுதான். அந்த இரண்டு மாதம் ஆசாரி யாரையும் நம்பிப் போகாதீர்கள், கை ஒழியாது. ஆனால் தெரிந்த படகுக்காரர் இருந்தால் டப்பா அடியில் மிஞ்சின பெயின்ட் சும்மாவே கிடைக்கும். என் பலகை பாதி நீலம், பாதி பச்சையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பொருத்துவது, என் அப்பளக் கதை

பசை எதுவும் வாங்காதீர்கள். இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வரும். ஸ்க்ரூதான் வழி. ஸ்க்ரூ எவர்சில்வராக இருக்கட்டும். இரும்பு ஸ்க்ரூ கடற்கரையில் ஒரு மாதத்தில் துரு பிடித்துத் தலை போய்விடும், கழற்றவும் முடியாது. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் 304, 316 என்று இரண்டு தரம் சொல்வார்கள். 304 கொஞ்ச நாளில் லேசாகப் பழுப்பேறும். 316 உப்பைத் தாங்கும், விலை கூட. பதினாலு ஸ்க்ரூதானே, 316 ஆகவே வாங்கிவிடுங்கள். 8 நம்பர், ஒரு அங்குல நீளம், தலை உள்ளே பதிகிற வகை.

நான் இரண்டாவது பலகையிலும் ஒரு தப்பு செய்தேன். ஸ்க்ரூ எல்லாவற்றையும் சிக்கென்று முறுக்கிப் பெருமையாகக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். காலையில் நன்றாக இருந்தது. பதினோரு மணிக்குத் திருப்பிப் பார்த்தால், வெயிலில் காயப்போட்ட அப்பளம் மாதிரி அடி முழுக்க நெளிநெளியாக எழும்பியிருந்தது. இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் நீளும். 20 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டருக்கு 3 மி.மீ. போல நீளும். மரம் அந்த அளவு நீளாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தகடு வேறு எங்கே போகும், புடைக்கத்தான் செய்யும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மூக்கு ஆரம்பிக்கிற இடத்தில், முன்குறுக்குக் கட்டைக்கு நேர் கீழே, நீளக் கட்டை ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்க்ரூ மட்டும் உருண்டைத் துளையில் இறுக்கமாக. அதற்குப் பின்னால் 15 செ.மீ.க்கு ஒன்றாக வருகிற மற்ற எல்லாத் துளையும் நீளவாக்கில் 10 மி.மீ. நீண்ட துளையாக இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை போட்டு, நடுவைக் கத்தியால் சீவினால் நீள்துளை வந்துவிடும். பெரிய டிரில் பிட்டைக் கையில் பிடித்துத் திருகி, துளையின் வாயைச் சரிவாக்குங்கள், ஸ்க்ரூ தலை அதில் உட்காரும். முறுக்கி முடித்ததும் கால் சுற்று தளர்த்துங்கள். இப்போது தகடு நீண்டால் பின்பக்கமாக நகர்ந்துகொள்ளும், நெளியாது.

முடிந்ததும் அடியில் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எந்தத் தலையும் கையில் தட்டக் கூடாது. இழுவை கூடும் என்பது ஒரு பக்கம். கரையில் காயப்போட்ட வலையில் அது மாட்டி ஒரு கண்ணி அறுந்தால், அன்றைக்கு உங்களுக்கு மீன் கிடைக்காது, வேறு நிறைய கிடைக்கும்.

கயிறு

கயிறு வாங்கக் காசிமேட்டு வலைக் கடைக்கே போங்கள். 10 மி.மீ. நைலான் கேளுங்கள். மஞ்சள், பச்சை நிறத்தில் வருகிற பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கயிறு மலிவு, ஆனால் வெயிலில் நாளடைவில் சிலும்பு விட்டு உள்ளங்கையில் குத்தும்.

கயிற்றைப் பிளாஸ்டிக் மூக்கில் கட்டாதீர்கள், கிழிந்து வரும். சட்டத்தின் முன்குறுக்குக் கட்டையில் இரண்டு ஓரத்திலும் கட்டி, மூக்கில் போட்ட இரண்டு துளை வழியாக வெளியே எடுத்து, இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுங்கள். வி வடிவில் வரும். இழுக்கும்போது பலகை கோணாமல் பின்னாலேயே வரும், மூக்கும் மேல் நோக்கியே நிற்கும்.

நீளம் எவ்வளவு என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கயிறு தரைக்குப் படுக்கையாக இருந்தால் மொத்தப் பாரமும் மணலோடு உரசும். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் நம் பலம் தூக்குவதில் போய்விடும். மணல் உரசலுக்கு 22 முதல் 25 டிகிரி சரிவுதான் சுலபம். இடுப்பு உயரத்திலிருந்து அந்தச் சரிவு வர, பலகைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஏழு அடிக் கயிறு வேண்டும். உங்கள் உயரத்துக்கு அரை அடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி இழுக்கும்போது ஆறரை.

கையால் இழுக்காமல் இடுப்பால் இழுங்கள். பழைய கார் சீட் பெல்ட் பட்டை காயலான் கடையில் கிடைக்கும், அதை இடுப்பில் சுற்றிக் கயிற்றை மாட்டுங்கள். கை இரண்டும் ஒழிவாக இருக்கும். கயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சைக்கிள் டியூபை ஒரு முழம் இரட்டையாகப் போட்டால், நடைக்கு நடை இடுப்பில் விழுகிற வெட்டு குறையும். மச்சான் ஊரில் சிலர் கயிற்றுக்குப் பதில் விறைப்பான குழாய் வைத்துக் கட்டுகிறார்கள். சரிவில் இறங்கும்போது வண்டி வழுக்கி வந்து குதிகாலில் மோதாமல் இருக்க அது. நம் மணலில் பலகை தானாக வழுக்கி வராது, எனவே அந்தச் செலவு நமக்கு இல்லை.

நாலு மூலையிலும் கைக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு சாண் கயிற்று வளையம் கட்டிவிடுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

சாமான் ஏற்றுவது

சட்டத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் கிரேட் வைத்து, சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டின பட்டையால் நாலு இடத்தில் கட்டுங்கள். கட்டுவதற்கு இதைவிட நல்ல சாமான் நான் பார்த்ததில்லை, ஈரத்திலும் இறுக்கம் விடாது. கனமான ஐஸ் பெட்டி நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் வர வேண்டும். முன்னால் வைத்தால் மூக்கு அமுங்கி மறுபடியும் மண் தின்ன ஆரம்பிக்கும். தண்ணீர் கேன் அதற்கு முன்னால். ஈயக்குண்டு, முள், தங்கூசி நரம்பு இருக்கிற டப்பா எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ராடுக்கு ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப்பில் 40 செ.மீ. துண்டு இரண்டைக் கிரேட்டின் பின்மூலைகளில் சாய்வாகக் கட்டுங்கள். பைப்பின் அடியை மூடாதீர்கள், மணலும் தண்ணீரும் கீழே போய்விட வேண்டும்.

ஐஸ் எவ்வளவு என்று புதியவர்கள் எப்போதும் கேட்பார்கள். நம் வெயிலுக்கு மீன் எடை எவ்வளவோ அவ்வளவு ஐஸ். ஐந்து கிலோ மீன் எதிர்பார்த்தால் ஐந்து கிலோ. எனக்கு ஐந்து கிலோ கிடைத்த நாள் விரல் விட்டு எண்ணலாம், ஆனாலும் ஐஸை நம்பிக்கையோடுதான் வாங்குகிறேன். தெர்மாகோல் பெட்டியின் அடியில் சின்னத் துளை போட்டுத் தக்கை வையுங்கள். கரைந்த தண்ணீரில் மீன் ஊறினால் சதை குழையும். திரும்பும்போது தக்கையைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று கிலோ பாரமும் குறையும்.

கரையில்

வடசென்னைக் கடற்கரை மெரினா மாதிரி ஒரே சீராக விரிந்து கிடப்பதில்லை. கரையோரமாக வடக்கே நகர்ந்துபோகிற மணலைச் சென்னைத் துறைமுகச் சுவர் மறித்துவிட்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஊரைத் தின்றது. அதைத் தடுக்கத்தான் கல் கொட்டியிருக்கிறார்கள், கடலுக்குள் நீட்டிக்கொண்டு போகிற கல்சுவர், அதாவது தூண்டில் வளைவு, போட்டிருக்கிறார்கள். எனவே நாம் போகிற வழியில் மணலுக்கு முன்னால் கல் வரும். கல் மேல் பலகையை இழுத்தால் அடி ஒரே நாளில் கீறிப்போகும். அந்த நாலு மூலை வளையம் இதற்குத்தான். இரண்டு பேர் தூக்கிக் கல்லைத் தாண்டுங்கள். தனியாகப் போனால் சாமானை இறக்கி, இரண்டு நடையாகக் கடத்துங்கள். பாசி பிடித்த கல் மேல் வீரம் காட்டாதீர்கள்.

மணலுக்கு வந்ததும் நேராக அலை நனைத்த பட்டைக்கு இறங்கி, அதன் மேலேயே நடங்கள். காய்ந்த மணலில் குறுக்கே போவது தூரம் குறைவு மாதிரி தெரியும், இடுப்புக்குத் தெரியாது. நம் பக்கம் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான், அதனால் ஈரப் பட்டை பெரும்பாலும் ஒல்லியாகவே இருக்கும். சரிவில் பலகை கடல் பக்கமாக நழுவினால், கனத்தைக் கரைப்பக்க ஓரத்துக்கு நகர்த்துங்கள். மீன் பிடிக்கிற இடத்தில் பலகையை அலைக்கு எட்டாத மேட்டில் நிறுத்துங்கள். ஒரு பெரிய அலை வந்தால் இது படகாகிவிடும். ஒரு தரம் பார்த்துவிட்டேன்.

வலை காயப்போட்டிருந்தாலோ, கருவாடு பரப்பியிருந்தாலோ சுற்றிப் போங்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டாமல் நின்றுவிடுங்கள். முடிந்தால் ஒரு கை கொடுங்கள், அதற்குப் பிறகு எந்த இடத்தில் என்ன மீன் நிற்கிறது என்று உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை ராத்திரியில் முட்டையிடக் கரையேறும். அந்த நாட்களில் மேல்மணலில் பலகையை இழுக்காதீர்கள், டார்ச்சைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள். முட்டையிட்டு ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சு வெளியே வரும். பலகை விட்டுப்போன தடம் நமக்கு ஒரு கோடு, உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சுக்கு அது பள்ளம். மேல்மணலில் தடம் விழுந்திருந்தால் திரும்பும்போது காலால் கலைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஒரு வாளி. சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் மணல் புகுந்திருக்கும், ஒரு பக்கமாகச் சாய்த்துத் தண்ணீர் விட்டால் வந்துவிடும். அதை விட்டுவைத்தால் நீள்துளையில் மணல் அடைத்துக்கொண்டு தகடு நகராது, மறுபடியும் அப்பளம். பலகை காலியாக ஐந்து கிலோதான் இருக்கும், சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடலாம். ஷேர் ஆட்டோவில் காலடியில் செங்குத்தாக நிறுத்தினால் இடம் போதும். கிரேட்டை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் வாசனைக்கு மட்டும் பக்கத்து சீட்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முதலில் தேய்வது மூக்கு தரையைத் தொட ஆரம்பிக்கிற அந்த முன்னங்கை அகல இடம். எனக்கு எட்டாவது மாதத்தில் அங்கே விரலால் அழுத்தினால் பொதுபொதுவென்று ஆனது. டிரம் சுற்றில் 125 செ.மீ. போக 55 செ.மீ. மிச்சம் இருக்கிறதல்லவா, அதை எறிந்துவிடாதீர்கள். அதிலிருந்து 45 செ.மீ.க்கு 20 செ.மீ. ஒட்டு ஒன்று வெட்டி, முன்விளிம்பில் மட்டும் மூன்று ஸ்க்ரூ போட்டு அந்த இடத்துக்கு அடியில் பிடித்துவிட்டேன். பின்விளிம்பு சும்மா தொங்கட்டும். இழுக்கிற திசையில் மணலே அதை மேலே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.